பொதியில் எழுதிய பெயர்

கொட்டாஞ்சேனை,
2.6.2024

அனு,

கிழித்துப் போடுவதென்றால் போடு. ஆனால் வாசித்துவிட்டுக் கிழி. உன் குணம் தெரிந்துதான் முதல் வரியிலேயே சொல்கிறேன்.

என் நம்பரில் எடுத்தேன். என் மனுஷன் பிறெடியின் நம்பரில் எடுத்தேன். கடைசியில் கீழ்வீட்டு மனுஷியின் போனையும் கேட்டு வாங்கி எடுத்தேன். “ஹலோ” என்ற குரல் கேட்டதுமே டக்கென்று வைத்துவிடுகிறாய். சரியடி அம்மா, இரண்டு வருஷக் கோபம் இருக்கத்தான் செய்யும். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். எங்கள் ஆஸ்பத்திரிப் பார்மசி ஷிம்னா மாளிகாவத்தைக்காரி. நீ மருதானையில் ஒரு சோற்றுக் கடையில் பார்சல் கட்டுகிறாய் என்று அவள்தான் சொன்னாள். “அக்கா, அவ கட்டுற பார்சல ஒபரேஷன் தியேட்டருக்கே அனுப்பலாம், நாலு மூலையும் அப்படியே நிக்கிது” என்றாள். சிரித்தேன். பிறகு ஸ்டெரிலைசிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை மேனேஜர் உமாசுதன் சேர் என்னைக் கூப்பிட்டார். புதிதாகத் திறக்கிற பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எங்கள் வேலைக்கே, அதுதான் கருவி கழுவி ஸ்டெரிலைஸ் பண்ணுகிற வேலைக்கே, நீ விண்ணப்பம் போடப் போகிறாயாம். எங்களிடம் ஆறு வருஷம் இருந்ததற்குச் சேவைக் கடிதம் கேட்டு எழுதியிருக்கிறாயாம். “இவவுக்கு என்னத்தை எழுதிறது? கவனயீனத்தால நிப்பாட்டினது எண்டுதான் எழுதலாம்” என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தார். அந்த அறை இப்போது என் பொறுப்பு. அதனால் என் அபிப்பிராயம் கேட்கிறார். யோசித்துச் சொல்கிறேன் சேர் என்று வந்துவிட்டேன்.

யோசித்தேன். அவர் என்னத்தையாவது எழுதட்டும். நான் என் பெயரில் உனக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் தருகிறேன். பதினெட்டு வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன், அனுஷியாவைப் போல் சுத்தமான கைகள் உள்ள ஒருத்தியைக் காணவில்லை என்று எழுதுகிறேன். அது பொய்யும் இல்லை. கத்தரிக்கோல் இடுக்கில் கடல் காற்றுத் துரு ஏறியதை விரலால் தடவியே கண்டுபிடிப்பாயே, இப்போது இருக்கும் மிதுனாவுக்குக் கண்ணாடி போட்டும் தெரிகிறதில்லை.

உன் நீலச் செருப்பு இன்னும் தொட்டியின் கீழேதான் இருக்கிறது. மிதுனா காலில் மாட்டப் பார்த்தாள், ஏசிப்போட்டேன்.

பதில் எழுது. ஏசியாவது எழுது.

யூஜினா

---

தெமட்டகொடை,
8.6.2024

யூஜினா அக்காவுக்கு,

சிபாரிசு வேண்டாம்.

இந்த இரண்டு சொல்லோடு நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் கடிதத்தை இன்னொரு முறை வாசித்தேன். சுத்தமான கைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது அக்கா? எனக்கு எழுதுகிறீர்கள், ஷிம்னாவின் பையில் வைத்து ஒளித்து அனுப்புகிறீர்கள். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லையே.

உங்களுக்கு மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன்.

கருவிப் பொதி கட்டினவள் அதில் ஒட்டுகிற டேப்பில் தன் பெயரின் இரண்டு எழுத்தைப் போட வேண்டும். நாங்கள் இருவரும் அந்த ஆறு வருஷமும் ஒருத்திக்காக ஒருத்தி போட்டோம். பிறெடி அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து நீங்கள் பெரியாஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் உங்கள் எழுத்தை நான்தான் போட்டேன். யாரும் பிழையாக நினைக்கவில்லை. பிந்தி வருகிறவளின் பெயர் முதலில் வந்து நிற்கும், ஆள் பிறகு வருவாள். எங்கள் வழக்கம் அது.

எண்ணெயும் கரண்டும் இல்லாத இருபத்திரண்டாம் ஆண்டு யூலையில் நான் விடிய நாலு மணியிலிருந்து மண்ணெண்ணெய் கியூவில் நின்றேன். வேலைக்கு வர பத்து மணியாகிவிட்டது. அதற்குள் நீங்கள் பொதி கட்டி, என் எழுத்தைப் போட்டு, மிஷினில் ஏற்றி, கரண்ட் போய், கரண்ட் வந்து, எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பொதிகள் அன்னபாக்கியம் அம்மாவின் முழங்கால் ஒபரேஷனுக்குப் போயின. மூன்றாம் கிழமை சீழ் வைத்தது. போட்ட செயற்கை மூட்டைத் திரும்பக் கழற்றினார்கள். அந்தக் கால் இன்றைக்கும் மடங்காது.

பொதியின் டேப்பை உரித்து நோயாளியின் ஃபைலில் ஒட்டுவார்கள்தானே. விசாரணையில் உமாசுதன் சேர் அந்த ஃபைலைத் திருப்பி என் முன்னால் வைத்தார். “இது நீர் எழுதினதோ?” என்றார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தீர்கள். நான் “ஆமா சேர்” என்றேன். அதைச் சொன்ன பிறகாவது வாய் திறப்பீர்கள் என்று நினைத்தேன்.

வேலை போனது போகட்டும். வெளியே கொரிடோரில் மேட்ரன் சொன்னது நினைவிருக்கிறதா? “தோட்டத்துப் பிள்ளையளுக்கு எங்க சுத்தம் விளங்கப் போகுது.” நீங்கள் அவருக்குப் பக்கத்தில் நின்றீர்கள். மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்தில் என் அம்மா மயிலம்மா கொழுந்துக் கூடையைக்கூடக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறவள். அந்த வார்த்தை எனக்கு இன்னும் சோறு மடிக்கும்போதெல்லாம் கேட்கிறது. நீங்கள் ஒரு இருமல்கூட இருமவில்லை.

எனக்கு வேண்டியது ஒரு வரி. “அந்தப் பொதிகளில் இருந்த எழுத்து நான் எழுதியது, அந்த நேரம் அனுஷியா அறையில் இல்லை.” இதை உமாசுதன் சேருக்கு எழுதிக் கொடுங்கள். விண்ணப்பக் கடைசி நாள் யூலை ஐந்து.

செருப்பை மிதுனாவுக்கே கொடுங்கள்.

அனுஷியா

---

கொட்டாஞ்சேனை,
12.6.2024

அனு,

பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதுதல் போல அந்த வரியை நீ எழுதி அனுப்பியிருக்கிறாய். அப்படியே ஒரு தாளில் எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. நீ பல்லைக் கடிப்பது எனக்கு இங்கே தெரிகிறது.

உனக்கு நான் அன்றைக்கு நடந்ததை முழுதாக ஒருநாளும் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. கேள்.

பொதிகளை ஏற்றி, மிஷினின் முள் வேண்டிய சூட்டுக்கு வந்து, நேரம் ஓடத் தொடங்கியிருந்தது. பட்டென்று கரண்ட் போனது. அட்டவணையில் இல்லாத வெட்டு. ஜெனரேட்டருக்கு இருந்த டீசல் தியேட்டர் லைட்டுக்கு மட்டும்தான். இருபது நிமிஷம் இருட்டில் அந்த மிஷினுக்கு முன்னால் குந்தியிருந்தேன். முள் இறங்குவது சத்தம் இல்லாமல் இறங்கியது. கரண்ட் வந்ததும் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, துணி மாற்றித் திரும்பச் சுற்றி, முதலிலிருந்து ஓட்ட வேண்டும். நான் நேரத்தை விட்ட இடத்திலிருந்து எண்ணினேன். தியேட்டர் நேர்ஸ் கதவில் அடி அடியென்று அடிக்கிறாள், டொக்டர் கை கழுவிக்கொண்டு நிற்கிறாராம். காயவிடுகிற நேரத்தையும் வெட்டினேன். திறந்து பார்த்தேன், டேப்பில் கோடுகள் கன்னங்கரேலென்று வந்திருந்தன. பொதிக்குள்ளே வைக்கிற சோதனைத் துண்டு அந்த மாதம் முழுக்க இறக்குமதி இல்லை என்றார்களே. டேப்பை மட்டும் நம்பினேன்.

இல்லை, நம்பவில்லை. டேப் கறுத்தால் சூடு பட்டது என்றுதான் அர்த்தம், போதுமான நேரம் பட்டது என்று அர்த்தம் இல்லை. புதிதாக வருகிற எல்லாருக்கும் இதை நான்தான் தொண்டை கிழியச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு யாரும் சொல்ல இருக்கவில்லை.

விசாரணையில் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன்? பிறெடியின் நிலைமை என்று எழுதப் பார்த்தேன், வெட்டிவிட்டேன். பயம் அனு. வெறும் பயம். நீ “ஆமா” என்றதும் எனக்குள்ளே “அப்பாடா” என்று ஒன்று வந்தது பார், அதை நினைத்தால் இப்பவும் உடம்பெல்லாம் கூசுகிறது. எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். உன்னை அனுப்பிவிட்டு அடுத்த கிழமையே எனக்குப் பொறுப்புத் தந்தார்கள். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மேட்ரன் சொன்னது கேட்டது.

ஆனால் பிள்ளை, அந்தத் தாளைக் கொடுத்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள். நாற்பத்தொன்பது வயதில் என்னை யார் எடுப்பார்கள்? நான் வேண்டுமானால் அந்தப் புது ஆஸ்பத்திரிக்கு நேரே வந்து உனக்காகக் கதைக்கிறேன். அது போதாதா?

யூஜினா

---

தெமட்டகொடை,
15.6.2024

யூஜினா அக்காவுக்கு,

போதாது.

எனக்கு எழுதியதை எல்லாம் அங்கே எழுதியிருந்தால் இரண்டு வருஷத்துக்கு முன்பே இது முடிந்திருக்கும். எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம், எனக்குத்தான் தெரியுமே. என் வீட்டுக்காரர் கஜேந்திரன் உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, “கோயில்ல சொல்ல வேண்டியத சந்தையில சொல்றாங்க” என்றார். அவர் கோபத்தில் சொன்னது, விடுங்கள்.

உங்களை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று பயப்படுகிறீர்கள். என்னை அனுப்பினார்கள். ஆறு மாதம் எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் நிற்க விடவில்லை.

இன்னும் இருபது நாள் இருக்கிறது. இனிச் சும்மா எழுத வேண்டாம்.

அனுஷியா

---

கொட்டாஞ்சேனை,
24.6.2024

அனு,

சும்மா எழுதவில்லை. கடைசிவரை வாசி.

போன கிழமை இரண்டு தரம் உமாசுதன் சேரின் கதவுவரை போனேன். ஒரு தரம் அவர் போனில் இருந்தார். மற்றத் தரம் அவர் சும்மாதான் இருந்தார், நான்தான் திரும்பினேன். என்னை நானே ஏசிக்கொண்டு படியில் இறங்கினேன். அப்போதுதான் ஒரு எண்ணம் வந்தது. அன்னபாக்கியம் அம்மாவை நான் இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. ஃபைலில் விலாசம் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாம் ஒழுங்கை, நடந்து ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தைத் தவிர்க்கத்தான் நான் இவ்வளவு நாளும் காலிக்குப் போகிற பெரிய வீதியால் சுற்றி பஸ்ஸுக்குப் போய்வந்திருக்கிறேன் போல.

சனிக்கிழமை பின்னேரம் போனேன். மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. அன்னபாக்கியம் அம்மா தானே வந்து கதவைத் திறந்தார். நடக்கப் பிடிக்கிற இரும்புச் சட்டத்தைத் தூக்கித் தூக்கி வைத்து, வலது காலைக் கம்பு போல இழுத்துக்கொண்டு வந்தார். கதவு திறக்க ஏழெட்டு நிமிஷம் ஆனது. தபால் கந்தோரில் டெலிபோன் வேலை செய்தவராம். மகன் ராகுலன் கனடாவில். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால், தேத்தண்ணி வேணுமோ என்று கேட்கிறார்.

சொல்லத்தான் போனேன் அனு. வாய் திறக்க முதல் அவர் சொன்னார்: “உங்கட ஆஸ்பத்திரியில எல்லாரையும் நான் குறை சொல்ல மாட்டன். ஞாயிறு ஞாயிறு அங்கயிருந்து ஒரு பிள்ளை வாறா. தலை முழுக வார்த்து, நகம் வெட்டி, காலுக்குப் பயிற்சி தந்து போட்டுத்தான் போறா. அனுஷியா எண்டு. ஒரு சதமும் வாங்க மாட்டா. என்ர சொந்தப் பிள்ளை இப்பிடிச் செய்யான்.”

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். இரண்டு வருஷமாக! வேலையும் போய், பெயரும் கெட்டு, நான் செய்த பிழைக்கு நீ போய் அந்தக் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாய். நான் காலி வீதியால் சுற்றிப் போகிறேன். எழும்பி வந்துவிட்டேன். படியில் இருந்து அழுதேன், மூக்குச் சிந்தி அழுதேன், ஒரு பொடியன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான்.

இன்று காலை தாளைக் கொடுத்துவிட்டேன். உன் ஒரு வரி மட்டும் இல்லை, கரண்ட், காயவிடாதது, டேப், எல்லாம் இரண்டு பக்கம். உமாசுதன் சேர் வாசித்துவிட்டு, “ஏன் இப்ப?” என்றார். “ரெண்டு வருஷம் பிந்திட்டுது சேர், அதான்” என்றேன். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று மத்தியானமே சொல்லிவிட்டார்கள். நான் நினைத்ததைவிட இலகுவாக இருந்தது. முந்தியே செய்திருக்கலாம்.

உன்னை வெள்ளிக்கிழமை கூப்பிடுவார்கள். போ. நல்ல சட்டை உடுத்திப் போ.

யூஜினா

---

தெமட்டகொடை,
26.6.2024

யூஜினா அக்கா,

கூப்பிட்டார்கள். நாளன்றைக்கு, வெள்ளிக்கிழமை, பத்து மணிக்கு வரட்டாம். சேவைக் கடிதம் தயார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். கஜேந்திரன் சந்தோஷத்தில் தன் த்ரீவீலரைக் கழுவிக்கொண்டு நிற்கிறார், தானே கொண்டுபோய் இறக்குவாராம். நான் உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு குசினியில் இருக்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதாவிட்டால் நாளன்றைக்கு என்னால் அந்தப் படியேற முடியாது.

என்னை நல்லவள் என்று நினைத்துத்தானே அந்தத் தாளைக் கொடுத்தீர்கள்.

அன்றைக்குப் பத்து மணிக்கு ஓடி வந்தேன் என்று எழுதினேன் இல்லையா. அதற்குப் பிறகு நடந்ததை எழுதவில்லை. கை கழுவி, தொப்பி போட்டு வந்தபோது பொதிகள் தட்டில் இருந்தன. நீங்கள் அடுத்த லோடுக்குக் கருவிகளைத் துலக்கிக்கொண்டிருந்தீர்கள். தியேட்டர் ஜன்னலால் அந்தப் பொதிகளைக் கொடுத்தது நான். இந்த இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தேன்.

பெரிய பொதி ஈரமாக இருந்தது அக்கா.

அடியில், மடிப்பில், உள்ளங்கை பட்ட இடத்தில் குளிர்ச்சியாக இருந்தது. துணி கொஞ்சம் கனத்தது. ஈரமான பொதி சுத்தமில்லாத பொதி, அது எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது. துரு ஏறியதை விரலால் கண்டுபிடிப்பாள் என்று எழுதினீர்களே, அந்த விரலுக்கு ஈரம் தெரியாமலா போகும்? தெரிந்தது. டேப்பைப் பார்த்தேன், என் பெயர் இருந்தது. பிந்தி வந்திருக்கிறேன், மண்ணெண்ணெய் வாசம் உடம்பில் அடிக்கிறது, இதைத் திருப்பினால் யார் கட்டியது, நீ எங்கே இருந்தாய் என்று எல்லாம் கிளம்பும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நேர்ஸ் கையை நீட்டிக்கொண்டு “இங்க தாங்கோ, இங்க தாங்கோ” என்கிறாள். கொடுத்துவிட்டேன்.

விசாரணையில் உங்களுக்காகத்தான் “ஆமா” என்றேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். கஜேந்திரனுக்கு, அம்மாவுக்கு, எனக்கே சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை. மற்றப் பாதி, அந்தப் பொதியை அறியாதவள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பிறகு உங்கள் மேல் கோபப்பட்டேன். கோபப்படப்பட அந்த ஈரம் மறந்தது. அதனால் நன்றாகவே கோபப்பட்டேன்.

அன்னபாக்கியம் அம்மாவிடம் முதல் ஞாயிறு போனதும் சொல்லத்தான். அவருக்குக் குதிக்காலை எட்டிக் கழுவ முடியவில்லை, குனிந்து கழுவிவிட்டேன். சொல்லவில்லை. அடுத்த கிழமை சொல்லலாம் என்று போனேன். நகம் வளர்ந்திருந்தது. இப்படியே தொண்ணூறு ஞாயிறு போய்விட்டது. ஒரு ஞாயிறும் நான் அன்பில் போகவில்லை அக்கா. அவர் என்னைப் பிள்ளை என்று கூப்பிடும்போது எனக்கு எழும்பி ஓட வேண்டும் போல இருக்கும்.

இதை வெள்ளிக்கிழமை உமாசுதன் சேரிடம் சொல்லப் போகிறேன்.

அனு

---

கொட்டாஞ்சேனை,
27.6.2024

அனு,

இதை ஷிம்னா இன்றைக்கே உன் கையில் தர வேண்டும் என்று கெஞ்சிக் கொடுத்திருக்கிறேன்.

சொல்லாதே. உனக்குக் கோடி புண்ணியம், வாயைத் திறக்காதே. பிழையாக ஓட்டியது நான், காயவிடாமல் எடுத்தது நான். நீ தொட்டாய், அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றாக்காதே. நான் போனது போனதுதான், நீ சொன்னாலும் என்னைத் திரும்ப எடுக்கப் போவதில்லை. இரண்டு பேரும் வீட்டில் இருந்து என்ன காணப் போகிறோம்? கடிதத்தை வாங்கு, வேலையில் சேர். நீ அந்த வேலையில் இருந்தால் ஒரு நூறு பேருக்காவது நல்லது.

உன் கடிதத்தை வாசித்ததும் முதலில் என்ன வந்தது தெரியுமா? கோபம். என்னை இரண்டு வருஷம் தனியே அழவிட்டாயே என்று. அது இரண்டு நிமிஷம்தான் நின்றது. பிறகு, அந்த அறையில் அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர் இருந்தோம், ஒருத்தி ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்றுதான் மனசு கிடந்து அடிக்கிறது. நீ “அக்கா, ஈரம்” என்றிருந்தால் நான் உன்னை ஏசியிருப்பேன். ஏசிவிட்டுத் திரும்ப ஓட்டியிருப்பேன்.

சொல்லாதே.

யூஜினா

---

தெமட்டகொடை,
8.7.2024

யூஜினா அக்கா,

உங்கள் கடிதம் நேரத்துக்குக் கிடைத்தது. ஷிம்னா சோற்றுக் கடை மூடும்வரை நின்று தந்தாள்.

ஆனாலும் சொன்னேன். உமாசுதன் சேர் கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். “சேர், அந்தப் பொதி ஈரமா இருந்திச்சு. எனக்குத் தெரிஞ்சும் நான்தான் தூக்கிக் குடுத்தேன்” என்றேன். அவர் தலை நிமிரவில்லை. “அனுஷியா, யூஜினா எழுதித் தந்திட்டா. விசயம் முடிஞ்சுது” என்றார். நான் திரும்பவும் சொன்னேன். அப்போதுதான் பேனையைக் கீழே வைத்தார். “ஒருத்தற்ற பேர் இருந்தாக் காணும். ஒரு ஆள் எண்டா அது ஆளின்ர பிழை. ரெண்டு ஆள் எண்டா ஆஸ்பத்திரியின்ர பிழை எண்டு கேஸ் வரும். விளங்குதோ?” என்றார். உறையை என் பக்கம் தள்ளினார்.

போன தரம் என் பெயர் போதுமாக இருந்தது அக்கா, இந்தத் தரம் உங்கள் பெயர். அவர் மேசையில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். அதில் என்ன படம் இருந்தது என்றுகூட இப்போது சொல்வேன். நீங்கள் அன்றைக்கு நின்ற நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டு, கிடைத்தது என்று புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். கொரிடோரில் மேட்ரன் என்னைப் பார்த்துச் சிரித்தார், எப்படி இருக்கிறீர் என்று கேட்டார். நான் படியில் இறங்கினேன்.

“அர்ப்பணிப்பும் சுத்தமும் நிறைந்தவர்” என்று எழுதியிருக்கிறது. கஜேந்திரன் அதை மூன்று தரம் சத்தமாக வாசித்தார்.

யூலை ஐந்து போய்விட்டது. நான் விண்ணப்பம் கொடுக்கவில்லை. கடிதம் அலுமாரியில் சேலைக்குக் கீழே கிடக்கிறது. கஜேந்திரன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, இப்போது கொஞ்சம் கதைக்கிறார். நீங்களும் ஏசுவீர்கள். ஏசுங்கள்.

எங்கள் கடையில் பார்சல் மடிக்க ஒரு ஆள் குறைவாக இருக்கிறது. காலை ஏழிலிருந்து இரண்டு மணிவரை. முதலாளி நல்ல மனிதர், கத்துவார், ஆனால் மனதில் வைத்திருக்க மாட்டார். உங்களுக்கு விருப்பம் என்றால் நான் கேட்டு வைக்கிறேன். பிறெடி அண்ணனுக்கு மத்தியானச் சோறும் கொண்டுபோகலாம்.

இவ்வளவும் எழுதியது, எழுத வேண்டிய ஒன்றைத் தள்ளிப்போடத்தான்.

அந்த வெள்ளி கழிந்த ஞாயிறு அன்னபாக்கியம் அம்மாவிடம் போனேன். தலை வார்த்துவிடவில்லை, பையைக்கூட இறக்கவில்லை. கதிரையில் அவருக்கு முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் செய்தது, நான் செய்தது, கியூ, கரண்ட், டேப், ஈரம். இரண்டு வருஷமாக நான் அந்த ஆஸ்பத்திரியில் வேலையில் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கீழே கடலோர ரயில் போனது, அது போய் முடியும்வரை நானும் நிறுத்தி வைத்தேன்.

முடிந்ததும் ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஈரமெண்டு நீ சொல்லியிருந்தா, அதைத் திரும்பச் செய்து எடுக்க எவ்வளவு நேரம் பிடிச்சிருக்கும் பிள்ளை?”

பொய் சொல்ல நினைத்தேன். ஒபரேஷனை ஒரு மாதம் தள்ளியிருப்பார்கள், கரண்ட் இல்லாமல் போயிருக்கும் என்று என்னவாவது சொல்ல நினைத்தேன்.

“முக்கால் மணித்தியாலம், அம்மா” என்றேன்.

“முக்கால் மணித்தியாலம்” என்றார். வலது காலைப் பார்த்தார். கையால் முழங்காலை மெல்லத் தடவினார், யாரோ வேறொருவரின் காலைத் தடவுவது போல.

பிறகு சட்டத்தைப் பிடித்து எழும்பினார். நான் உதவிக்குக் கை நீட்டினேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கதவுவரை தானே வந்தார். நான் முன்னால் நடக்க முடியாமல், பின்னாலும் நிற்க முடியாமல், அவரோடு ஒவ்வொரு அடியாக வந்தேன். ஏழெட்டு நிமிஷம் என்று எழுதியிருந்தீர்களே, அவ்வளவு நேரம்தான் எடுத்தது.

“இனி ஞாயிற்றுக்கிழமையில வராதை, அனுஷியா” என்றார். பிள்ளை என்று சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

நேற்று ஞாயிறு. வீட்டில்தான் இருந்தேன்.

அனுஷியா